எட்டடிக்கு ஒன்பதடி

என் அம்மாவுக்கு 76 வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 14 வயதில் பால்வெட்டு உளி பிடித்தவர். தோட்டத்தை விட்டு நாங்கள் கோலாலம்பூருக்கு வந்து 30 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆனாலும் விடியற்காலை 4 மணி ஆனால் அவர் உடம்பு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, புறப்பட்டுவிடும். எழுவார், விளக்கைப் போடுவார், போர்வையை மடிப்பார், திருநீறு பூசிக்கொண்டு ‘முருகா’ என்பார். அந்த ‘முருகா’ மெல்லத்தான் வரும். விளக்கு அப்படி இல்லை. ஆறாயிரத்தைந்நூறு கெல்வின் வெள்ளை வெளிச்சம், ஆபரேஷன் அறை மாதிரி.

அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் என் மகள். பிறந்ததிலிருந்து பாட்டியோடுதான் படுக்கை. ஒன்றாம், இரண்டாம் படிவம் படித்தபோது மதியப் பள்ளி என்பதால் பிரச்சினை தெரியவில்லை. பாட்டி விளக்கைப் போட்டால் தலையணையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு 9 மணி வரை தூங்கிவிடுவாள். இந்த வருடம் மூன்றாம் படிவம். காலைப் பள்ளி. ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆறரைக்கு வேன். இரவு பன்னிரண்டுக்கு முன்னால் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. எட்டரைக்கே படுத்துவிடும் பாட்டிக்கோ இவள் மேசை விளக்கு கண்ணைக் குத்துகிறது. பிப்ரவரியில் ஒரு நாள் காலை, கீழே கார் நிறுத்துமிடத்தில் வேனுக்காக நின்றவள், தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

முதலில் கைப்பேசியைத்தான் திட்டினேன். எல்லா அப்பாக்களும் செய்வது. பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தபோது தெரிந்தது, பருவ வயதில் உடம்புக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போய்விடுகிறதாம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். என் மகளுக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம், நடுவில் ஒரு ‘முருகா’, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அரைத்தூக்கம்.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, வெட்டுக்கோட்டிலேயே பால் உறைந்து நின்றுவிடும். அதனால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு மர நிரைக்குள் இறங்கினார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் அப்படி எழுந்த உடம்பிடம், பேத்திக்குப் பரீட்சை என்று சொன்னால் கேட்குமா?

ஆக, அறையைப் பிரிக்க வேண்டும். எங்கள் செந்தூல் அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது அறை என்று ஒன்று உண்டு. எட்டடிக்கு ஒன்பதடி. இத்தனை வருடமும் அது சாமான் அறை. இஸ்திரி மேசை, முறுக்கு உரல், தீபாவளி விளக்குகள், பழுதான இரண்டு காற்றாடி, “எப்பவாச்சும் உதவும்” என்று வைத்த தொலைக்காட்சிப் பெட்டி அட்டைகள். எல்லாவற்றையும் வெளியே எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. எடுத்துப் பார்த்தால் பெட்டிகள் சாய்ந்திருந்த சுவர் முழுக்கக் கரும்புள்ளியாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் எந்தப் பொருளையும் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, இரண்டு விரற்கடையாவது காற்றுப் போக இடம் விட வேண்டும் என்பதை அன்றுதான் என் மூக்கு ஒப்புக்கொண்டது. குளோரோக்ஸ் கலந்த தண்ணீரில் கழுவி, மூன்று நாள் காற்றாடி போட்டுக் காயவைத்து, பூஞ்சை தடுக்கும் அடிப்பூச்சு பூசினோம்.

இன்னொரு தொல்லை, அறையின் சன்னல் மேற்குப் பார்த்தது. கோலாலம்பூரில் மேற்குச் சுவர் என்றால் என்ன என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணிக்குப் பிடிக்கும் வெயில் ஏழேகால் வரை விடாது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு சேர்த்துவிட்டார்களே, அதன் பலன் இது. காலையில் பிள்ளைகள் கும்மிருட்டில் வேன் ஏறுகிறார்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சூரியன் இன்னும் சன்னலில் நிற்கிறது. (அம்மாவிடம் கேட்டால், “பெரட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருட்டு கூடுச்சு, அவ்ளோதான்” என்பார்.) பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தச் சுவர் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு தட்டி இறக்கினால் பாதிச் சூடு குறையும். கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலைத் தடுப்பதுதான் சரியான வழி. ஆனால் கட்டடத்தின் வெளிமுகத்தில் எதையும் மாட்ட நிர்வாகம் விடாது. எனவே காருக்கு ஒட்டுகிற டிண்டட் போல ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி, உள்ளே தடித்த திரைச்சீலை. துணி மஸ்ஜிட் இந்தியா பக்கம் மீட்டர் கணக்கில் வாங்கி என் மனைவி தைத்தாள். கட்டிலைக் கண்டிப்பாக அந்தச் சுவரில் ஒட்டிப் போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தேன் என்று எழுதுகிறேன். அதுவரை இந்த அறையில் எல்லா முடிவும் என்னுடையதாகத்தான் இருந்தது. கட்டங்கட்டமாகப் படம்கூட வரைந்து வைத்திருந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். மறுநாள் மாஸ்கிங் டேப் சுருளோடு வந்தாள். தரையில் கட்டில் அளவுக்கு ஒரு நீள்சதுரம், மேசைக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, கதவு திறக்கும் வளைவுக்கு ஒரு கால்வட்டம். பிறகு கட்டில் சதுரத்துக்குள் போய் வெறும் தரையில் படுத்துக்கொண்டாள். எழுந்து, மேசைச் சதுரத்துக்கு முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பின்னால் தள்ளிப் பார்த்தாள். நாற்காலி கட்டிலில் இடித்தது. “சூப்பர் சிங்கிள் வேணாம்ப்பா, சிங்கிளே போதும்” என்றாள்.

இதை நான் காகிதத்தில் பார்க்கவே இல்லை. நம் கடைகளில் சிங்கிள் என்றால் மூன்றடி அகலம், சூப்பர் சிங்கிள் மூன்றரை. நீளம் இரண்டுக்கும் ஆறேகால் அடிதான். எட்டடி அகல அறையில் கட்டிலுக்கு மூன்று, எதிர்ச்சுவரில் மேசைக்கு இரண்டு போனால் நடுவில் மூன்றடி மிஞ்சும். அந்த மூன்றடிதான் நாற்காலி பின்னால் வரவும் ஆள் நடக்கவும். சூப்பர் சிங்கிள் போட்டால் அதில் அரை அடி போய்விடும். வளர்கிற பிள்ளைக்குப் பெரிய கட்டில் வாங்கு என்று கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். அகலத்தில் யார் வளர்கிறார்கள்?

அவளுக்கு உண்மையில் பிடித்திருந்தது மேலே கட்டில், கீழே மேசை வைத்த மாடிக் கட்டில். செராஸில் 2015-இல் திறந்த ஐக்கியாவுக்குப் போனபோது அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். சின்ன அறைக்கு அது கச்சிதம்தான், குளிர் நாட்டில். நம் வீட்டில் மேலே காற்றாடி தொங்குகிறதே! எங்கள் கூரை ஒன்பதடி. காற்றாடி இறக்கை ஏறக்குறைய எட்டடி உயரத்தில் சுற்றுகிறது. மெத்தை ஐந்தரை அடியில், அதன் மேல் உட்கார்ந்தால் தலை எட்டடி. தூக்கக் கலக்கத்தில் எழுந்து கை நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. காற்றாடியைக் கழற்றிவிட்டு ஏர்கோன் மட்டும் போடலாம்தான். மின்கட்டணம் யார் கட்டுவது? மாடிக் கட்டில் ஆசை அதோடு கூரையிலேயே நின்றுவிட்டது. திரும்பும் வழியில் மீட்பால் சாப்பிட்டு ஆறுதல் அடைந்தோம்.

பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டார். “தல எந்தப் பக்கம்?”

வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்பது எங்கள் வீட்டில் அரசியலமைப்புச் சட்டம். நல்லவேளை, தெற்குச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டால் தலை கிழக்கு, கால் மேற்கு. சூட்டுச் சுவருக்கும் காலுக்கும் நடுவே இரண்டேமுக்கால் அடி இடைவெளி. வடக்குச் சுவரில் சன்னல் ஓரமாக நான்கடி மேசை, அடுத்து இரண்டரை அடி அலமாரி, மிச்சம் இரண்டரை அடியில் கதவு திறந்து சுவரில் சாயும். நான்கும் இரண்டரையும் இரண்டரையும் ஒன்பது. அம்மா, மகள், சூரியன் மூவரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்திய கணக்கு என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

சாயத்தில் தோற்றேன். அவள் கேட்டது கிட்டத்தட்டக் கறுப்பு என்று சொல்லத்தக்க கருநீலம். “மேற்கு ரூம், ஏற்கெனவே வேகுது, இதுல கறுப்பா? இன்னும் சூடாகும்” என்றேன், பெரிய பொறியியலாளர் மாதிரி. “ப்பா, அது வெளிச்சுவருக்குத்தான். உள்ளே எந்தக் கலர் அடிச்சாலும் சுவர் வழியா வர்ற சூடு மாறாது” என்றாள். அன்றிரவு ஒளிந்து ஒளிந்து தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. உள்நிறத்தால் குறைவது வெளிச்சம் மட்டும். அதனால் தெற்குச் சுவர் ஒன்றுக்கு மட்டும் கருநீலம், மற்ற மூன்றும் பழைய வெள்ளை. ஏழரைச் சதுர மீட்டர் சுவருக்கு இரண்டு பூச்சு, ஒரு லிட்டர் டின் இரண்டு. இரண்டாவது டின்னில் கால்வாசி மிச்சம். பாட்டி எட்டிப் பார்த்து, “ராத்திரியாட்டம் இருக்கு” என்றார். மகள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அலமாரி விஷயத்தில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் மரத்தூள் பலகையில் செய்த அலமாரி ஒன்றை வாங்கினோம். பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலத்தில் அடிப்பகுதி ஊறி, நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. இந்த முறை காலுள்ள அலமாரி, அடியில் துடைப்பம் நுழைகிற உயரம். உயரமான அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுத் திருகிவிட வேண்டும். இழுப்பறையைப் பிடித்து ஏறுகிற சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று. கால்சியம் குளோரைடு உப்புதான், வேறொன்றும் மந்திரமில்லை. மூன்று வாரத்தில் டப்பாவில் அரைக் குவளைத் தண்ணீர் சேர்ந்திருந்தது. அத்தனையும் அவள் பள்ளிச் சீருடைக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர்.

மேசைதான் நான் உண்மையில் எழுத நினைத்தது.

சுங்கை பூலோ பக்கம் தளவாடக் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் மூலையில் ஒரு மேசை. வெளிர் மஞ்சள் நிறம், அலங்காரம் ஒன்றும் இல்லை, இரண்டு இழுப்பறை. விரலால் தட்டினால் கெட்டியான சத்தம். சீட்டில் ‘மலேசிய ஓக்’ என்று எழுதியிருந்தது. மலேசியாவில் எங்கே ஓக் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துவிட்டு, “காயு கெத்தா லா, போஸ். மூவார் சரக்கு” என்றார். 420 வெள்ளி (ரிங்கிட்). பேரம் பேசி 380.

கித்தா மரம்! லோரியில் வந்து இறங்கியதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

“கித்தாவுலயா மேச? என்னாய்யா நீ, ஏமாந்துட்டு வந்திருக்க. அத அடுப்புலதானே வெச்சோம்.”

“இப்ப இதுலதான்மா எல்லாம் செய்றாங்க. வெளிநாட்டுக்கெல்லாம் போவுது.”

“வெட்டிப் போட்ட மரம் ஒரு வாரத்துல நீலம் பாஞ்சிரும். ரெண்டு மாசத்துல பூச்சி மாவா கொட்டும். எனக்குத் தெரியாதா?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. கித்தா மரத்தின் உடம்பெல்லாம் மாவுச்சத்து. அறுத்த சில நாளிலேயே பூஞ்சை ஏறி நீலக்கறை படியும், வண்டு துளைத்து மாவாக்கும். அதனால்தான் 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டினால், அது அடுப்புக்கும் பால் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்கும் விறகாகப் போனது. அறுத்த கையோடு பலகைக்குள் போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்திவிட்டால் பூச்சி அண்டாது என்ற வித்தை பரவலான பிறகுதான் நிலைமை மாறியது. இங்கே பக்கத்தில் கெப்போங்கில் இருக்கிற வன ஆய்வுக் கழகத்துக்கும் அந்த ஆராய்ச்சியில் பெரிய பங்குண்டு. எண்பதுகளில் ஏற்றுமதி சூடுபிடித்தது, ஜொகூரின் மூவார் தளவாட நகரமாகவே ஆனது. அதே காலத்தில்தான் தோட்டங்கள் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன, எங்களைப் போன்றவர்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்து லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் நிரையில் நின்ற மரங்கள் எந்த ஊரில் என்ன நாற்காலியாக இருக்கின்றனவோ.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். போரான் என்ற இடத்தில் அவர் கவனம் போய்விட்டது. “மருந்து போட்டிருக்கான்னு சொல்லு” என்றார். “எத்தன நாளைக்கு நிக்கும்?”

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூரையில் இருந்த வெள்ளைக் குழல் விளக்குக்குப் பதில் மஞ்சள் கலந்த மூவாயிரம் கெல்வின் விளக்கு. படிக்க மட்டும் மேசையில் ஒரு வெள்ளை விளக்கு. இரவில் வெள்ளை வெளிச்சம் தூக்க ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும் என்பதால் 11 மணிக்கு மேல் அது அணைய வேண்டும் என்பது ஒப்பந்தம். கைப்பேசி கூடத்தில்தான் சார்ஜ் ஆக வேண்டும் என்றேன். அப்படியானால் எழுப்புவதற்குக் கடிகாரம் வேண்டும் என்றாள். 25 வெள்ளியில் அந்த வழக்கு முடிந்தது. அறையில் இருப்பது ஒரே ஒரு மூன்று முள் பிளக். அதிலிருந்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய இழுவைக் கம்பியில் நான்கைந்து செருகுவதைப் பார்த்ததும் பிடுங்கிவிட்டு, சிரிம் தர முத்திரை உள்ளது ஒன்றை வாங்கி மாட்டினேன். இதில் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது.

கருநீலச் சுவரில் ஒட்டுப்பசைக் கொக்கிகளை அவள் ஒட்டினாள். நம் ஈரத்துக்கு அவை இரண்டாம் வாரமே சாயத்தோடு உரிந்து விழுந்தன. சிமெண்டுச் சுவரில் இருபது ஓட்டை போடுவதற்குப் பதில் சுவரின் நீளத்துக்கு ஒரே மரச்சட்டம், ஆறே திருகாணி. சனிக்கிழமை காலை, நிர்வாகம் அனுமதிக்கும் நேரத்தில், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு டிரில் போட்டேன். சட்டத்திலிருந்து கயிறு, கயிற்றில் கிளிப். இனி எதைத் தொங்கவிட்டாலும் அவள் பாடு. இப்போதைக்குக் கொரியப் பாடகர்கள் தொங்குகிறார்கள். வரிசையின் கடைசியில் பாட்டி கொடுத்த பத்துமலை முருகன். எனக்கென்னவோ அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் மாதிரியே தெரிகிறார்.

சன்னலுக்கு ஒரு செடி வேண்டும் என்றாள். சுங்கை பூலோவில் 1930-இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பு இருக்கிறதல்லவா, அங்கே குணமானவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய நாற்றுப்பண்ணைகள் இன்னும் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு பாம்புக் கற்றாழை வாங்கினாள். மேற்கு வெயிலுக்கு அதுதான் தாங்கும். தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று என் மனைவி எழுதி ஒட்டியிருக்கிறாள். ஏடிஸ் கொசு வளர்ந்தால் அபராதம் போடுவார்கள் என்பதைவிட, போன வருடம் டிங்கியில் நான் படுத்தது அவளுக்கு மறக்கவில்லை.

கடைசியாகக் கதவு. இவ்வளவு செய்த பிறகு அவள் கேட்ட ஒரே பொருள் தாழ்ப்பாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே மயக்கம் போட்டு விழுந்தால்? என் மனைவிதான் வழி சொன்னாள். உள்ளே பொத்தானை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், வெளியே இருக்கும் பள்ளத்தில் ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் குமிழ்ப் பூட்டு. மாட்டினோம். கதவு நிலையின் மேல் ஒரு இருபது காசு வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக அது தூசு பிடித்துக் கிடக்கிறது.

அம்மா வளர்ந்த லயத்து வீட்டில் ஒரே அறை, நடுவில் சேலைத் தடுப்பு. கதவைத் தட்டுவது என்ற பழக்கமே அவருக்குக் கிடையாது. முதல் வாரம் நேராகத் திறந்துகொண்டு போனார். இரண்டாம் வாரம் வெளியே நின்று, “பாப்பா, பாட்டிதான்” என்று குரல் கொடுத்தார். இப்போது சனிக்கிழமை காலையில் மோதிர விரலால் இரண்டு தட்டு. உள்ளே போவார். மகள் பாதித் தூக்கத்தில் காலை மடக்கி வழி விடுவாள். அம்மா ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி மெல்லக் குனிந்து, மேசையின் நான்கு காலடியிலும் தரையை விரலால் தடவி, விரலைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்.

“இன்னும் மாவு விழல” என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவார்.